லொறிச் சாரதிப் பயிற்சியும் மணிக்கணக்கும்



என்னிடம் கல்வி பயின்ற மாணவரொருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடா சென்று, ஒன்ராறியோ மாகாணத்திற் குடியேறினார். பண்டசாலையொன்றில் இரவு வேலை. பார லொறி ஓட்டினால் ஊதியம் கூடுமெனக் கண்டு, சாரதிப் பயிற்சிப் பள்ளியொன்றில் பணங்கட்டிச் சேர்ந்தார். சில வாரங்களின் பின் தொலைபேசியில் என்னை அழைத்து, "சேர், பள்ளிக்காரர் மணிக்கணக்கு முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கோ லொறியைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது" என்றார்.

தமிழும் சரித்திரமும் படிப்பித்தவனுக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் அவர் சொன்ன கதை உள்ளபடி வரவு இடாப்பைப் பற்றியது. இடாப்பிற் பெயர் இருந்தும் வகுப்பில் மனம் இல்லாத பிள்ளைகளை நான் நெடுங்காலம் கண்டவன். எனவே அந்நாட்டு விதிகளைத் தேடிப் படித்தேன். நம்மவர் பலரின் பிள்ளைகளும் சகோதரரும் ரொறன்ரோவிலும் அதன் அயலிலும் வாழ்வதால், படித்தவற்றை இங்கே சொல்வது பயன்படக்கூடும்.

இயந்திர வண்டி முன்னே இழுக்க, ட்றெயிலர் எனப்படும் நீண்ட பெட்டி பின்னே தொடரும் லொறியை ஓட்டுவதற்கு ஒன்ராறியோவில் 'ஏ' வகை அனுமதிப்பத்திரம் வேண்டும். 2017 யூலை 1 முதல், அதற்கான வீதிப் பரீட்சைக்குத் தோற்றுமுன் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி பெற்றிருத்தல் கட்டாயம். கனடாவில் இவ்விதியை முதலிற் கொண்டுவந்த மாகாணம் அதுவே. இலங்கையில் லொறி ஓட்டிய அனுபவம் இந்த மணிக்கணக்கிற்கு ஈடாகாது. அங்கே வாகனம் வீதியின் வலப்புறத்தாற் செல்வது என்பதையும் நினைவிற் கொள்க.

அந்த 103.5 மணியில் 36.5 மணி வகுப்பறைக்குரியது. 17 மணி முற்றத்தில், வண்டியைச் சுற்றி நின்று கற்பது: புறப்படுமுன் செய்யும் பரிசோதனை, ட்றெயிலரைப் பூட்டுதல், கழற்றுதல் முதலியன. எஞ்சிய 50 மணி வண்டிக்குள் அமர்ந்து வீதியில் ஓட்டவும் பின்னோட்டம் பழகவும் உரியது. விலை உயர்ந்த பகுதி இதுதான். வகுப்பறையில் இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் போதும். வண்டிக்குள்ளோ ஒரு மாணவனுக்கு ஒரு லொறியும் ஓர் ஆசிரியரும் எரிபொருளும் வேண்டும். பள்ளியொன்று பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் கை வைக்கும் இடம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

என் மாணவருக்கு நேர்ந்ததும் அதுவே. ஒரு லொறியில் நால்வரை ஏற்றிச் சென்றார்கள். ஒருவர் ஓட்ட மூவர் பார்த்திருந்தனர். நான்கு மணி சென்றதும் நால்வர் பெயருக்கும் நான்கு மணி எழுதப்பட்டது. அவரும் கையொப்பமிட்டார். ஏனென்று கேட்டேன். "எல்லோரும் போட்டார்கள், சேர்" என்றார்.

பார்த்துக் கற்கலாகாதா என்பீர்கள். பின்னோட்டம் பார்த்துக் கற்கும் வித்தை அன்று. ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் ட்றெயிலரின் பின்புறம் இடப்புறம் போகும். சற்றுத் தாமதித்தால் முன்வண்டியும் பெட்டியும் கத்தரிக்கோல் போல மடங்கும். அங்கு வழக்கமான ட்றெயிலரின் நீளம் 53 அடி. அதன் பின்மூலை எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணாடியிற் கண்டு கை தானாகத் திருத்த வேண்டும். அது கைக்கு வருவது பிழைவிட்டுத் திருத்திய மணிகளால் மட்டுமே.

இதன் பாரதூரத்தைக் கனடா 2018 ஏப்ரல் 6இல் உணர்ந்தது. சஸ்கச்சுவான் மாகாணத்தில், நிறுத்தற் குறியைக் கடந்து வந்த லொறியொன்றும் ஹம்போல்ட் நகரின் இளம் ஹொக்கி அணியினர் சென்ற பேருந்தும் மோதின. 16 பேர் மாண்டனர். 13 பேர் காயமுற்றனர். அந்த லொறிச் சாரதி தனியே ஓட்டத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. மறு ஆண்டு மார்ச்சில் அம்மாகாணம் 121.5 மணிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா 2021இல் 140 மணி என விதித்தது.

அயலிலுள்ள ஐக்கிய அமெரிக்கா வேறு வழி சென்றது. 2022 பெப்ரவரி 7இல் நடைமுறைக்கு வந்த அதன் மத்திய விதி மணிக்கணக்கையே கூறவில்லை. கோட்பாட்டுப் பரீட்சையில் 80 சதவீதம் பெற வேண்டும். ஓட்டும் திறன் வந்துவிட்டதென்று, அரசின் பதிவேட்டிலுள்ள பயிற்சியாளர் சான்று கூற வேண்டும். எது சிறந்தது? மணிக்கணக்கில் ஏமாற்றலாம், சான்றிலும் ஏமாற்றலாம். என் எண்ணத்தில் மணிக்கணக்கே மேல். நேரத்தை மாணவன் தானே எண்ணிப் பார்க்க முடியும். தன் திறனை அவனால் அளவிட முடியாது.

ஆகவே பள்ளியைத் தேடுவோர், முதலில் அது மாகாண அரசில் இப்பயிற்சிக்கெனப் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். பின்னர் நேரிற் சென்று, லொறிகள் எத்தனை, மாணவர் எத்தனை, ஒரு லொறியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். எந்தக் கியர் என்பதும் முக்கியம். 2022 யூலை முதல், தன்னியக்கக் கியர் லொறியிற் பரீட்சை எழுதியவர் கைக்கியர் லொறியை ஓட்டலாகாது என்ற கட்டுப்பாடு அங்குண்டு. வேலை தரக்கூடிய நிறுவனத்தையும் முன்கூட்டியே கேட்பது நன்று. அனுமதிப்பத்திரம் இருந்தாலும், அனுபவமற்ற சாரதியைக் காப்புறுதியாளர் ஏற்க மறுப்பதுண்டு.

கையொப்பமிடும் ஒப்பந்தத்தின் பிரதியைப் பெற்று இரண்டு நாட்களுக்குள் விலகினால், கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். என் மாணவருக்கு அந்த அவகாசம் எப்போதோ கடந்துவிட்டது. ஆயினும் தன் கொப்பியில் ஒவ்வொரு நாளும் தான் ஸ்டியரிங் பிடித்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் 14 மணி. அந்தக் கொப்பியுடன் பள்ளி அலுவலகத்திற்குச் சென்று மிகுதி நேரத்தைக் கேட்டார். இப்போது சனிக்கிழமைகளில் முற்றத்தில் தனியே பின்னோட்டம் பழகுகிறார். பரீட்சைத் திகதியைத் தாமே பிற்போட்டிருக்கிறார்.