முன்பருவக் கல்வி ஆசிரியர்களுக்கான கல்லூரி உதவித்தொகை (அமெரிக்கா)

அமெரிக்காவில், பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைக் கவனித்துக் கற்பிக்கும் பணியாளர்கள் கல்லூரியில் படித்துச் சான்றிதழோ பட்டமோ பெற வழங்கப்படும் நிதியுதவிகள், முன்பருவக் கல்வி ஆசிரியர்களுக்கான கல்லூரி உதவித்தொகைகள் எனப்படுகின்றன. இவற்றைப் பெறுவோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே குழந்தைகள் காப்பகங்களிலும் முன்பருவப் பள்ளிகளிலும் வேலை பார்க்கும் பெண்கள். எனவே பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களுக்குத் தரப்படும் உதவித்தொகையிலிருந்து இவற்றின் அமைப்பு வேறுபடுகிறது. இவ்வகையில் நன்கு அறியப்பட்டது, 1990-இல் வட கரோலினா மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'டீச்' திட்டம்.

பின்னணி

தமிழகத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டும் ஒரே பள்ளி வளாகத்தில் நடப்பதைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான 'கிண்டர்கார்ட்டன்' வகுப்பு பெரும்பாலும் அரசுப் பள்ளியைச் சேர்ந்தது. அதன் ஆசிரியருக்குப் பட்டமும் மாநில உரிமமும் தேவை. ஊதியமும் பள்ளி ஆசிரியர் ஊதியமே. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தனியார் காப்பகங்களில் வேலை செய்கிறார்கள். அங்கே பெற்றோர் கட்டும் கட்டணமே முதன்மை வருமானம் என்பதால் ஊதியம் குறைவு.

2023-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி, முன்பருவப் பள்ளி ஆசிரியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 37,000 டாலர். கிண்டர்கார்ட்டன் ஆசிரியருக்கோ அது 62,000 டாலரைத் தாண்டியது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பவருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வளவு.

1989-இல் வெளிவந்த தேசியக் குழந்தைக் காப்பகப் பணியாளர் ஆய்வு இந்தச் சிக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அட்லாண்டா, பாஸ்டன், டெட்ராய்ட், ஃபீனிக்ஸ், சியாட்டில் ஆகிய ஐந்து நகரங்களில் 227 காப்பகங்களை அது ஆராய்ந்தது. ஓராண்டில் வேலையை விட்டுப் போவோரின் விகிதம் 1977-இல் 15 விழுக்காடாக இருந்தது. 1988-இல் அது 41 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஆட்கள் விட்டுப் போவதற்கு முதன்மைக் காரணம் குறைந்த ஊதியம் என்றும், ஆட்கள் அடிக்கடி மாறும் காப்பகங்களில் குழந்தைகளின் மொழி வளர்ச்சியும் பிறருடன் பழகும் திறனும் பின்தங்கியிருந்தன என்றும் அந்த ஆய்வு கூறியது.

கட்டணம் மட்டும் தடையல்ல

காப்பகத்தில் முழுநேரம் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கல்லூரிக் கட்டணம் ஒரு தடைதான். ஆனால் அது மட்டுமே தடையல்ல. வகுப்புக்குப் போக நேரம் வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும். புத்தகத்துக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். இவை எல்லாவற்றையும் சமாளித்துப் பட்டம் பெற்ற பின்னும் காப்பகத்தில் பழைய ஊதியமே கிடைத்தால், அவர் அரசுப் பள்ளிக்கோ வேறு தொழிலுக்கோ போய்விடுவது இயல்பு. அப்போது உதவித்தொகை ஒரு தனிமனிதருக்கு உதவியிருக்கும்; ஆனால் காப்பகத்துக் குழந்தைகள் தங்கள் ஆசிரியரை இழந்திருப்பார்கள். இந்த முரணைத் தீர்க்க எழுந்ததே டீச் திட்டம்.

டீச் திட்டம் செயல்படும் முறை

ஆசிரியர் கல்விக்கும் ஊதிய உயர்வுக்கும் உதவுதல் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே 'டீச்' என்ற பெயராயின. சூ ரசல் என்பவர் இதைத் தொடங்கினார். முதலில் 21 பேருக்கு மட்டும் சோதனை முயற்சியாக உதவித்தொகை வழங்கப்பட்டது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு இது பரவியது.

இத்திட்டம் நான்கு பகுதிகளைக் கொண்டது.

1. உதவித்தொகை: கல்விக் கட்டணம், புத்தகம், பயணம் ஆகியவற்றின் செலவில் பெரும்பங்கைத் திட்டம் ஏற்கும். வகுப்புக்காகவோ படிப்புக்காகவோ வாரத்தில் சில மணி நேரம் ஊதியத்துடன் விடுப்புக் கிடைக்கும். அந்த நேரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைத் திட்டம் காப்பகத்துக்குத் திருப்பித் தரும்.

2. கல்வி: ஓராண்டு ஒப்பந்தக் காலத்துக்குள் குறிப்பிட்ட அளவு பாடங்களை முடிக்க வேண்டும். பொதுவாக இது 9 முதல் 15 மதிப்பலகுகள்.

3. ஊதியம்: ஒப்பந்தத்தை முடித்தவருக்கு ஊக்கத்தொகையோ ஊதிய உயர்வோ கட்டாயம் உண்டு.

4. கடப்பாடு: பயன்பெற்றவர் அதே காப்பகத்தில் மேலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பணியாற்ற வேண்டும்.

செலவு மூவருக்கிடையே பகிரப்படுவது இதன் சிறப்பு. எடுத்துக்காட்டாக, கல்விக் கட்டணம் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இணைநிலைப் பட்டத்துக்கான வழக்கமான ஏற்பாட்டில் திட்டம் 800 டாலரையும், காப்பகம் 100 டாலரையும், படிப்பவர் 100 டாலரையும் செலுத்துவர். இந்த விகிதம் மாநிலத்துக்கு மாநிலம், படிப்புக்குப் படிப்பு மாறும். காப்பகமும் பணம் போடுவதால், தன் ஆசிரியர் படிப்பை முடிக்க வேண்டும் என்ற அக்கறை அதற்கும் உண்டாகிறது.

பிற உதவிகள்

பெல் மானியம் குறைந்த வருமானமுள்ள கல்லூரி மாணவர் அனைவருக்குமான கூட்டாட்சி அரசின் உதவி. இதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. 2024-25 கல்வியாண்டில் இதன் உச்சவரம்பு 7,395 டாலர். 'ஃபாஃப்சா' எனப்படும் இலவச விண்ணப்பத்தின் மூலம் இதைக் கோர வேண்டும்.

ஏழைக் குழந்தைகளுக்காக 1965-இல் தொடங்கப்பட்ட 'ஹெட் ஸ்டார்ட்' திட்டமும் தன் ஆசிரியர்களின் படிப்புக்கு உதவுகிறது. 2013-க்குள் நாடு முழுவதிலுமுள்ள ஹெட் ஸ்டார்ட் ஆசிரியர்களில் பாதிப்பேராவது இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அத்திட்டத்தின் பணத்தில் பட்டம் பெற்றவர் மூன்றாண்டுகள் ஹெட் ஸ்டார்ட்டில் பணியாற்ற வேண்டும்; இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

பெயர்க் குழப்பம்

கூட்டாட்சி அரசின் 'டீச் மானியம்' என்பது முற்றிலும் வேறானது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இது, ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தருகிறது. இதைப் பெற்றவர் படிப்பை முடித்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடத்தைக் கற்பிக்க வேண்டும். தவறினால் மானியம் முழுவதும் கடனாக மாறும். பணம் வழங்கிய நாளிலிருந்தே வட்டியும் சேரும். ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய படிவம் தாமதமானதாலேயே பலரின் மானியம் கடனாக மாற்றப்பட்டது. இது பெரும் சர்ச்சையானதும், அத்தகைய முடிவுகளை மறுஆய்வு செய்யக் கல்வித் துறை வழிசெய்தது. தனியார் காப்பகத்தில் செய்யும் பணி இதற்குக் கணக்கில் வருமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது அவசியம்.

வரம்புகள்

இணைநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 60 மதிப்பலகுகள் தேவை. ஆண்டுக்கு 9 முதல் 15 வரை முடிப்பவருக்கு அந்தப் பட்டம் கிடைக்க நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சமுதாயக் கல்லூரியில் படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் முழுமையாக ஏற்காவிட்டால் காலம் இன்னும் நீளும். சிறிய காப்பகங்களுக்குத் தங்கள் பங்கைச் செலுத்துவதும் மாற்று ஆளைத் தேடுவதும் கடினம். ஊதிய உயர்வுச் செலவைக் கட்டணத்தில் ஏற்றினால் அது பெற்றோர் தலையில் விழுகிறது.

எனவே சில இடங்களில் அரசே ஊதிய இடைவெளியை நிரப்ப முன்வந்தது. தலைநகர் வாஷிங்டனில், காப்பக ஆசிரியர்களுக்கு இணைநிலைப் பட்டமோ அதற்கு நிகரான தகுதியோ வேண்டும் என்ற விதி 2016-இல் வந்தது. படிப்புக்கு உதவித்தொகை இருந்தும், ஊதியம் உயராமல் தகுதியை மட்டும் கேட்பது நியாயமா என்ற கேள்வி எழுந்தது, வழக்கும் நடந்தது. 2022-இல் நீதிமன்றம் விதியை ஏற்றது. அதே ஆண்டில் நகர அரசு ஊதியச் சமன்பாட்டு நிதியிலிருந்து முழுநேர முதன்மை ஆசிரியருக்கு 14,000 டாலரும், உதவி ஆசிரியருக்கு 10,000 டாலரும் வழங்கியது.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

• கட்டணம் தவிர, புத்தகம், பயணம், படிப்பு நேரம் ஆகியவற்றுக்கும் உதவி உண்டா?
• படிப்பை முடித்தால் ஊதியம் எவ்வளவு உயரும், அதை யார் தருவார்?
• எத்தனை காலம், எங்கே பணியாற்ற வேண்டும்? இடையில் விலகினால் பணம் கடனாக மாறுமா?
• இப்போது படிக்கும் பாடங்களை அடுத்த பட்டத்துக்குக் கல்லூரி ஏற்குமா?

இவற்றுள் இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத உதவித்தொகை, ஆசிரியரைப் படிக்க வைக்கும்; ஆனால் அவரைக் குழந்தைகளிடம் தங்க வைக்காது.