பணிவின் பாதை – 9: மொலோக்காய்த் தீவில் டேமியன்

ஹவாய்த் தீவுகளில் தொழுநோய் பரவியபோது, நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் 1865இல் வந்தது. அப்போது மன்னராக இருந்தவர் ஐந்தாம் கமேகமேகா. மறு ஆண்டு ஜனவரியிலிருந்து, நோய் கண்டவர்கள் மொலோக்காய்த் தீவின் வடகரைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மூன்று பக்கம் கடல், நான்காம் பக்கம் செங்குத்தான மலைச்சுவர். 1969இல் அந்த ஏற்பாடு நீங்கும்வரை ஏறத்தாழ 8,000 பேர் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள்.

அந்த மண்ணில் முதலில் ஊழியம் செய்தவர்கள் குருக்கள் அல்லர். நோயுற்ற கணவனையோ மகளையோ பிரிய மனமின்றிக் கூடவே போன ஹவாய் உறவினர்கள்தாம். நோயாளிகளே 1866இல் சிலோவாமா என்ற சபையையும் தொடங்கிவிட்டார்கள். மொலோக்காயின் கதையில் இவர்களை மறப்பது நியாயமன்று.

பெல்ஜியத்தின் ட்ரெமெலோ கிராமத்தில் 1840இல் பிறந்த டேமியன், 1873 மே 10 அன்று அங்கே போய் இறங்கினார். ஆயர் கேட்டபோது முன்வந்த நான்கு குருக்களில் அவர் ஒருவர். நால்வரும் முறைவைத்துப் போய்வருவதாகத்தான் பேச்சு. முதலில் போன டேமியன் அங்கேயே தங்கிவிட்டார். தொடக்கத்தில் அவருக்கு வீடில்லை. ஆலயத்தை அடுத்த தாழை மரத்தடியில் உறங்கினார். புண்களுக்குக் கட்டுப்போட்டார், குடிசைகள் எழுப்பினார், தண்ணீர்க் குழாய் பதித்தார், சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். புண்களின் நாற்றம் தாங்காமல் புகைபிடிக்கப் பழகியவர் அவர். அதே புகைக்குழாயைப் பிறகு நோயாளிகளோடு பகிர்ந்துகொண்டார். அவர்களுடைய கலத்திலேயே கைவிட்டுச் சேம்பங்கிழங்குக் கூழும் உண்டார். அவர் செய்த வேலைகள் அத்தனையிலும் பெரியது இதுவே. எட்ட நின்று கொடுப்பவராக அவர் இருக்கவில்லை.

தனிமைச் சட்டம் அவரையும் கட்டியது. ஒருமுறை அவருடைய துறவற சபையின் மேலாளர் கப்பலில் வந்தார். அவரைக் கரையிறங்கவோ டேமியனைக் கப்பலில் ஏறவோ கப்பல் தலைவர் அனுமதிக்கவில்லை. டேமியன் படகில் இருந்தபடியே, கப்பலில் இருந்தவர்கள் காதில் விழும்படி, தம் பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். பிறருக்கு உதவி நல்ல பெயர் எடுத்த எத்தனை பேருக்கு இது முடியும்?

தாழ்மை என்றால் தலையாட்டுவது என்று அவர் கொள்ளவில்லை. பலகை, துணி, மருந்து, துணைக்கு இன்னொரு குரு என்று சுகாதார வாரியத்தையும் தம் மேலாளர்களையும் ஓயாமல் நச்சரித்தார். பிடிவாதக்காரர், முன்கோபி என்ற பெயரும் வாங்கினார். அந்தப் பிடிவாதத்தால் பயன் பெற்றவர்கள் பெரும்பாலும் நோயாளிகள்.

1884 இறுதியில் காலில் கொதிநீர் பட்டும் அவருக்குச் சுடவில்லை. நோய் அவரையும் பற்றியிருந்தது. உடல் இடம் கொடுத்தவரை வேலையை நிறுத்தவில்லை. 1886இல் ஜோசப் டட்டனும் 1888இல் அன்னை மரியான் கோப்பும் உதவிக்கு வந்து சேர்ந்தார்கள். 1889 ஏப்ரல் 15 அன்று, 49 வயதில், டேமியன் இறந்தார். மரியான் 1918இல் கண்மூடும்வரை அங்கே பெண்களையும் சிறுமியரையும் பராமரித்தார். டட்டன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். டேமியனுக்கு 2009இலும் மரியானுக்கு 2012இலும் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.