இரத்தத்தில் தெரியாத மனச்சோர்வு

மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. இரத்தத்தில் கலந்ததும் தட்டணுக்கள் அதை வாரித் தமக்குள் பதுக்கிக்கொள்கின்றன. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தபோது, இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளாகவே அறிந்தார்கள். மூளையிலும் அது உண்டு என்பது 1953இல்தான் வெளியானது.

இரத்தத்திலுள்ள செரட்டோனின் மூளைக்குள் நுழையாது. உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோபன் நுழையும். அதைக்கொண்டு மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையில் வரும் எண் மனத்தின் நிலையைக் காட்டாது. அந்த எண்ணும் நிலையானதல்ல. குழாயில் பிடித்த இரத்தம் உறைந்தாலே தட்டணுக்கள் செரட்டோனினைக் கொட்டிவிடும், அளவு ஏறிவிடும். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரைகளோ தட்டணுக்கள் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. நோயாளி தேறிவரும்போதே இரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டிருக்கும்.

கர்ப்பத்தில் கணக்கு இன்னும் குழம்பும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, தட்டணு எண்ணிக்கை சற்றுக் குறைகிறது, டிரிப்டோபனும் இயல்பாகவே இறங்குகிறது.

மலேசியாவின் பேரா மாநிலத்தில் ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ அரசாங்க கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிக்கு இரத்தசோகை, சர்க்கரை, தொற்று நோய்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். செரட்டோனினைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. மனச்சோர்வைக் காட்டித் தருபவை கேள்விகளே. 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் 10 கேள்விகள் உள்ளன: கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தாரா, தம்மையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா. அதன் தமிழ் வடிவம் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டு 2005இல் வெளியானது.

இந்தக் கேள்விகளுக்கு மனம் திறந்து பதில் சொல்லப் பேராவில் தடையாக நிற்பது ஒரு பெயர். 1911இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான், ஊர்ப்பெயர் என்பது போய் வசைச்சொல்லாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலர், "ஒன்னுமில்ல மிஸி, தூக்கம் பத்தல" என்று தாதியிடம் முடித்துக்கொள்கிறார்கள். தனிமையும் சேர்ந்துகொள்கிறது. முன்பு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன தாய்க்கு ஆயாக்கொட்டகையும் லயத்து அக்கம்பக்கமும் இருந்தன. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த குடும்பங்களில், பிள்ளை பெற்றவள் பகல் முழுக்கத் தனியாக இருக்க நேர்கிறது. அவள் முகம் வாடினால் கேட்க ஆளில்லை.

வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம். மனம் விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் தொலைபேசி எண் 15555.