அளக்கும் கருவியே அளவைக் கெடுக்கலாமா?

ஒரு பாலாடையில் சிறிது வெந்நீரை எடுத்து, அதில் பருமனான வெப்பமானி ஒன்றை வையுங்கள். அது காட்டுவது நீரின் உண்மையான வெப்பநிலையா? அன்று. நீரின் வெப்பத்தில் ஒரு பகுதியைக் கண்ணாடியும் பாதரசமும் வாங்கிக்கொள்வதால் நீர் சற்றுக் குளிர்ந்துவிடுகிறது. அளக்க வந்த கருவி, அளக்கவேண்டிய பொருளையே மாற்றிவிடுகிறது! நுண்ணிய மின்னோட்டங்களை அளப்பதிலும் இதே தொல்லை உண்டு.

ஓர் ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு 1 பிக்கோஆம்பியர். அதிலேயே வினாடிக்குச் சுமார் 62 லட்சம் எலெக்ட்ரான்கள் செல்கின்றன. ஆயினும் பள்ளி ஆய்வகக் கால்வனாமீட்டரின் முள்ளை அசைக்க அது போதாது. எனவே மின்னோட்டத்தை மிக உயர்ந்த மின்தடை வழியே செலுத்தி, அங்கே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கலாம். 1000 பிக்கோஆம்பியர் மின்னோட்டம் 100 கோடி ஓம் வழியே சென்றால், ஓம் விதிப்படி 1 வோல்ட் கிடைக்கவேண்டும்.

ஆனால் அந்த 1 வோல்ட், மின்மூலத்தை எதிர்த்து நிற்கும் என்பதை மறக்கக்கூடாது. மூலம் ஒரு சிலிக்கன் ஒளிமின்கலம் என்று கொள்வோம். அது தரக்கூடிய மின்னழுத்தமே சுமார் 0.6 வோல்ட்தான். அவ்வாறாயின் 1000 பிக்கோஆம்பியர் ஓடவே முடியாது. கருவி காட்டும் அளவு தவறாகிவிடும்.

பின்னூட்டம் தரும் வழி

அமெரிக்கப் பொறியியலார் ஹெரால்டு பிளாக், 1927 ஆகஸ்டு 2ஆம் நாள் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது, கையிலிருந்த செய்தித்தாளிலேயே ஒரு கருத்தைக் குறித்துவைத்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை, உள்ளீட்டை எதிர்க்குமாறு திருப்பி அனுப்புவதே அது. இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

லட்சம் மடங்கு பெருக்கும் ஒரு பெருக்கியின் வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும் இடையே அதே 100 கோடி ஓம் மின்தடையை இணைப்போம். வரும் மின்னோட்டம் பெருக்கிக்குள் நுழைவதில்லை. மின்தடை வழியே வெளியீட்டை நோக்கிச் செல்கிறது. அதை இழுத்துக்கொள்ள வெளியீடு எதிர்த்திசையில் 1 வோல்ட் இறங்குகிறது. உள்ளீட்டில் நிற்பதோ அதில் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோவோல்ட் மட்டுமே. மின்தடையில் விழும் 1 வோல்ட்டைத் தரும் சுமை மூலத்தின் தலையில் இல்லை. பெருக்கி அதை ஏற்றுக்கொண்டது.

உறுப்பை மாற்றினால் கருவி மாறும்

சில எலெக்ட்ரோமீட்டர்களில் இந்தப் பின்னூட்ட இணைப்பை வெளியே கொண்டுவந்திருப்பார்கள். நாம் விரும்பும் உறுப்பை அங்கே பொருத்தலாம். மின்தேக்கியை வைத்தால் வந்துசேரும் மின்னூட்டம் முழுவதும் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். கருவி மின்னூட்டமானி ஆகிவிடும். டிரான்சிஸ்டரை வைத்தால், மின்னோட்டம் 10 மடங்காகும் ஒவ்வொரு முறையும் வெளியீடு சுமார் 60 மில்லிவோல்ட் மட்டுமே மாறும். 1 பிக்கோஆம்பியர் முதல் 10 லட்சம் பிக்கோஆம்பியர் வரை ஒரே அளவுகோலில் படிக்கலாம்!

இதனால் யாருக்குப் பயன்? புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வோம். நோயாளிக்குக் கதிர்வீச்சு செலுத்துமுன், கதிரின் அளவைச் சரிபார்க்கிறார் மருத்துவ இயற்பியலார். இதற்குப் பயன்படும் 0.6 கன செ.மீ. காற்றடங்கிய சிறு அயனி அறை, 1 கிரே கதிரளவுக்குச் சுமார் 20 நானோகூலும் மின்னூட்டம் தரும். 2 கிரேக்கு 40 நானோகூலும். பின்னூட்டத்தில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால் வெளியீடு 0.4 வோல்ட். உள்ளீடு ஏறக்குறைய சுழியிலேயே நிற்பதால், மின்னூட்டம் கசிவதும் குறைவு. நீண்ட கம்பியின் மின்தேக்குத்திறனும் அளவைக் கெடுப்பதில்லை. அளவு தவறினால் விளைவு கொடியது: குறைந்தால் கட்டி தப்பும், மிகுந்தால் நல்ல திசுக்கள் கெடும்.

வெளியே பொருத்தும் உறுப்புக்குக் காவலும் வேண்டும். விரல்பட்ட இடத்தில் ஒட்டும் எண்ணெயும் ஈரமுமே மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி ஆகிவிடும். எனவே டெஃப்லான் போன்ற சிறந்த காப்புப்பொருளைப் பயன்படுத்தி, உறுப்பை உலோகப் பெட்டிக்குள் மூடிவைப்பர். கம்பியையும் அசையாமல் கட்டவேண்டும். அசைந்தால் உராய்வினாலேயே பொய் மின்னோட்டம் தோன்றும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: 1 பிக்கோஆம்பியருக்கு வெளியீட்டில் 10 மில்லிவோல்ட் கிடைக்கவேண்டுமானால், பின்னூட்டத்தில் எத்தனை ஓம் மின்தடை வைப்பீர்கள்? ஓம் விதி ஒன்றே போதும், போட்டுப் பாருங்கள்!