அணையில் வண்டல், வட்டில் வால்யூம்

வைகை அணை 1959-இல் திறந்தது. முழு நீர்மட்டம் 71 அடி என்பார்கள். "அடியில கிடக்கிற வண்டலையும் சேத்துத்தான அந்தக் கணக்கு?" என்று கேட்பார் அப்பா. அணைக்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் என் மடிக்கணினியும் போன மாதம் அந்த நிலைக்கு வந்தது. வட்டில் இடமே இல்லை.

குற்றவாளி, டாக்கர். 2013-இல் வந்தது. மென்பொருளை அதற்குத் தேவையான சாமான்களோடு கன்டெய்னர் என்ற பொட்டலமாகக் கட்டித் தரும். பொட்டலத்தை அழித்தால் உள்ளே எழுதியதும் போய்விடும். அதனால் தரவுத்தளத்தை வெளியே, 'வால்யூம்' என்ற தனி இடத்தில் வைப்போம். கன்டெய்னர் போனபின்னும் அது கிடக்கும். வண்டல் சேர்வது இப்படித்தான்.

கறுப்புத் திரையில் 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' என்று தட்டினால் பட்டியல் வரும். பெயர் சூட்டாதவை 64 எழுத்து நீளத்தில் புரியாத பெயரோடு நிற்கும். 'டாக்கர் வால்யூம் ஆர்எம்' போட்டுப் பெயரைக் கொடுத்தால் அது ஒன்று மட்டும் அழியும். ஓடாமல் நிற்கும் கன்டெய்னர் பிடித்திருந்தாலும் அழிக்க மறுத்துவிடும், நல்ல பிடிவாதம்.

'டாக்கர் வால்யூம் ப்ரூன்' அப்படியல்ல, எந்தக் கன்டெய்னரும் பிடிக்காததை மொத்தமாக வழித்துவிடும். 2023-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து பெயர் வைத்தவற்றைத் தானாகத் தொடுவதில்லை. என்னிடம் இருந்ததோ பழைய பதிப்பு. அதில் ப்ரூனைப் போட்டுவிட்டேன். கம்பம் திராட்சைக் கணக்குக்காக மூன்று வாரம் சேர்த்த தரவு போயே போய்விட்டது. அழித்ததை மீட்க டாக்கரில் குப்பைத்தொட்டியும் கிடையாது.

அப்பாவிடம் சொன்னேன். "வண்டலோட மீனையும் அள்ளிட்டியாக்கும்" என்றார்.