இடருற்றவரிடம் தீனைப் பேசுதல்

 

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஒரு போயா தினக் காலையில், கடல் எழுந்து வந்து நம் நாட்டின் கரையோரங்களை விழுங்கியது. 30,000க்கும் அதிகமானோர் மரணித்தனர். மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் ஜனாஸா இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் கோயில்களும் விகாரைகளும் ஒரே நாளில் அகதி முகாம்களாயின. யார் சமைத்தார், யார் உண்டார் என்று எவரும் இனம் கேட்கவில்லை.

ஆனால் சில வாரங்கள் கழிந்ததும் ஒரு முறைப்பாடு பரவலாக எழுந்தது. வெளியிலிருந்து வந்த சில குழுக்கள் நிவாரணப் பொதிகளோடு தம் மதத்தையும் சேர்த்து விநியோகிக்கின்றன என்பதே அது. பௌத்தர்களும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருமித்து மனம் புண்பட்ட விடயம் இது. பெற்ற பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் தாயின் கையில் அரிசிப் பையையும் மதப் பிரசுரத்தையும் ஒன்றாகத் திணிப்பது நியாயமா என்று நாம் கேட்டோம். கேட்டது சரிதான். எனினும், நம்மைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா? வெள்ளம் வந்தால் உலருணவு சேகரிக்கிறோம், மண் சரிந்தால் மண்வெட்டியோடு ஓடுகிறோம், வைத்தியசாலைகளுக்கு நோயாளரைப் பார்க்கச் செல்கிறோம். அவ்விடங்களில் முஸ்லிமல்லாத ஒருவரிடம் இஸ்லாத்தைப் பற்றி எப்போது பேசலாம், எப்போது வாய்மூடி இருக்க வேண்டும்?

சட்டம் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. 2003இல் நமது உயர் நீதிமன்றம், பொருளுதவியோடு மதப் பிரசாரத்தைக் கலப்பது பிறரின் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று கண்டது. அதே வழக்கில், நாடு மதச் சுதந்திரத்தை மீறிவிட்டது என்று 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கருத்துத் தெரிவித்தது. 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்த மதமாற்றத் தடைச் சட்டமூலமும் சட்டமாகவில்லை. ஆகவே இவ்விடயத்தை நீதிமன்றத்திடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம்மிடம் அல்குர்ஆனும் ஸுன்னாவும் இருக்கின்றன.

மதீனாவில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். அன்ஸார்களில் சிலருக்கு யூதக் கோத்திரங்களில் உறவினர் இருந்தனர். அந்த உறவினர் இஸ்லாத்துக்கு வர வேண்டும் என்ற ஆசையில், அவர்களுக்குத் தர்மம் கொடுப்பதை அன்ஸார்கள் தவிர்த்து வந்தனர் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்படுகின்றது. அவர்களுடைய நோக்கம் கெட்டதன்று. உறவினர் நேர்வழி பெற வேண்டும் என்பதே. அப்போதுதான் ஸூரத்துல் பகராவின் 272ஆம் வசனம் இறங்கியது. அவர்களை நேர்வழியில் செலுத்துவது நபியே உம்முடைய பொறுப்பன்று, அல்லாஹ் தான் நாடியவர்களை நேர்வழியில் செலுத்துகின்றான் என்று அது அறிவித்தது. அத்தோடு அந்தத் தடை நீங்கியது, கொடுத்தார்கள். நபியவர்களுக்கே ஒப்படைக்கப்படாத பொறுப்பை, ஒரு பொதி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எப்படி ஏற்க முடியும்?

ஸூரத்துத் தஹ்ரின் 8ஆம், 9ஆம் வசனங்களும் இதே பாடத்தைத் தருகின்றன. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிக்கும் நல்லடியார்கள், உங்களிடம் பிரதிபலனையோ நன்றியையோ நாம் நாடவில்லை என்கின்றனர். நன்றியைக்கூட எதிர்பார்க்கக் கூடாது என்றால், கலிமாவை எதிர்பார்த்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இங்கே சிலர் ஒரு நியாயமான ஆட்சேபத்தை முன்வைப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் மரணப்படுக்கையில் கிடந்த ஒரு யூதச் சிறுவனுக்கு இஸ்லாத்தை எடுத்துச் சொன்னார்களே என்பது அது. ஆம், ஸஹீஹுல் புகாரியில் உள்ள சம்பவம்தான். ஆனால் அதை முழுமையாகப் பாருங்கள். அச்சிறுவன் முன்பின் அறியாத ஒருவனல்லன். நபியவர்களுக்குப் பணிவிடை செய்து வந்தவன். அவன் நோயுற்றபோது நபியவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, தலைமாட்டில் அமர்ந்தார்கள். பிறகே பேசினார்கள். தந்தை அருகிலேயே இருந்தார். சிறுவன் உடனே பதில் கூறாமல் தந்தையின் முகத்தைப் பார்த்தான். அபுல் காஸிமுக்குக் கட்டுப்படு என்று தந்தையே சொன்னதன் பின்னர்தான் அவன் இஸ்லாத்தை ஏற்றான். அங்கே மருந்துக்கோ உணவுக்கோ நிபந்தனை இருக்கவில்லை. பெற்றோருக்குத் தெரியாத இரகசியமும் இருக்கவில்லை. முகாமில் பெற்றோரை இழந்து நிற்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கோ சிங்களப் பிள்ளைக்கோ, உறவினர் யாரென்று விசாரிக்காமலே கலிமா சொல்லிக் கொடுப்பவர் இச்சம்பவத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது. நம்முடைய அநாதைப் பிள்ளைக்கு வேறொருவர் அப்படிச் செய்திருந்தால் நமது ஊர் என்ன பாடு பட்டிருக்கும் என்பதைப் பெற்றோர்கள் சற்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் துயரத்தில் உள்ளவரிடம் தீனைப் பற்றிப் பேசவே கூடாதா? அப்படியும் இல்லை. தஃவா நம் கடமை. துன்பம் வரும்போதுதான் மனிதன் வாழ்வையும் மரணத்தையும் பற்றிக் கேட்கின்றான். கேட்பவனுக்குப் பதில் மறுப்பதும் ஒரு வகைக் கஞ்சத்தனமே. முகாமின் ஒரு மூலையில் நீங்கள் தொழுவதையோ, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பரிமாறுவதையோ மறைக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்து ஒருவர் வினவினால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் பேசுமுன் உங்கள் மனதிடம் ஒன்றைக் கேளுங்கள்: இவர் இப்போது என் பேச்சு வேண்டாம் என்று சொன்னால், இவருக்குரிய பங்கில் ஏதேனும் குறையுமா? குறையும் என்று அவர் அஞ்சவாவது இடமிருக்கிறதா? இருந்தால் அன்றைக்கு மௌனமே மேல். நாளை வெள்ளம் வடிந்து, அவர் தம் வீட்டுத் திண்ணையில் சமமானவராக அமர்ந்திருக்கும்போது பேசலாம்.

வேண்டாம் என்று சொன்னவரிடம் நபியவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. கப்றின் அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இருக்குமாறு சொன்னார்கள். யாரென்று அறியாத அப்பெண், என்னை விட்டுப் போய்விடும், என் துன்பம் உமக்கு நேரவில்லை என்றார். நபியவர்கள் விவாதிக்கவில்லை, தாம் யார் என்றுகூடச் சொல்லவில்லை. விலகிச் சென்றார்கள். பின்னர் அப்பெண்ணே தேடி வந்தபோதுதான், பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடியிலேயே இருப்பது என்று விளக்கினார்கள். மூஃதாவில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்த நாளிலோ, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி ஏவினார்கள்.

இது நம்மவரிடம் பேசும்போதும் பொருந்தும். கடல்கோளுக்குப் பிறகு, இது உங்கள் பாவத்துக்கான தண்டனை என்று உறவுகளை இழந்தவர்களின் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் நம்மிடையே இருந்தார்கள். மறைவான அந்த ஞானம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்ததோ! நீரில் மூழ்கி இறந்தவரும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீத்களே என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, அந்த ஆறுதலை விட்டுவிட்டுத் தண்டனையைப் பேசுவது எவ்வகை உபதேசம்?

இன்னொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் கமராவோடு தொலைபேசி இருக்கின்றது. நிவாரணம் பெறுபவரின் முகத்தையும், துயரத்தின் நடுவே இஸ்லாத்தை ஏற்றவரின் முகத்தையும் படமெடுத்துப் பரப்புகின்றார்கள். அவருடைய தாயும் அயலவரும் அதைப் பார்க்கும்போது அவருக்கு என்ன நேரும் என்று யாரும் எண்ணுவதில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தை வீணாக்க வேண்டாம் என்று அல்பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கின்றது. தொலைபேசியால் சொல்லிக் காட்டுவதும் சொல்லிக் காட்டுவதுதான்.

இறுதியாக ஸுமாமா பின் உஸால் அவர்களின் வரலாறு. யமாமாவின் தலைவரான அவர் பிடிபட்டு, மஸ்ஜிதுந் நபவியின் தூண் ஒன்றில் கட்டப்பட்டிருந்தார். அவருடைய உயிர் நபியவர்களின் ஒரு சொல்லில் இருந்தது. மூன்று நாட்களாக நபியவர்கள் வந்து, உம்மிடம் என்ன இருக்கின்றது ஸுமாமாவே என்று கேட்டார்கள். கொன்றால் பழிவாங்கப்படக்கூடிய ஒருவனைக் கொல்வீர், விடுவித்தால் நன்றியுள்ளவனை விடுவிப்பீர், பொருள் வேண்டுமானால் கேளும் என்றே அவர் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். மூன்றாம் நாள், எந்த நிபந்தனையுமின்றி அவரை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அவர் தம் ஊர் நோக்கிப் போயிருக்கலாம், தடுப்பார் இல்லை. அவரோ அருகிலிருந்த பேரீச்சந் தோட்டத்துக்குச் சென்று குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமாவை மொழிந்தார்.

பின்னர் அவர் மக்காவுக்குச் சென்றபோது குறைஷிகள் ஏளனம் செய்தனர். நபியவர்களின் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணிகூட உங்களுக்கு வராது என்று அவர் சூளுரைத்தார், அவ்வாறே நிறுத்தினார். மக்கா பசியில் வாடியது. முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்திய அதே குறைஷிகள், உறவைச் சொல்லி நபியவர்களுக்குக் கடிதம் எழுதினர். பசித்த எதிரியிடம் எதையும் கேட்டுப் பெறக்கூடிய தருணம் அது. நபியவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள்: தானியத்தைப் போகவிடுங்கள் என்று.