வலி மாத்திரையும் இரைப்பைக் கசிவும்

பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூர்ப் பக்கத்து மீனவர்களுக்கு உடல்வலி புதிதன்று. வலை இழுத்த தோளும், சேற்றுநீரில் குனிந்து இறால் தடவிய இடுப்பும் இரவில் வலிக்கின்றன. கடையில் டைக்குளோஃபெனாக் மாத்திரை ஒன்றை வாங்கி விழுங்கினால் மறுநாள் தொழிலுக்குப் போய்விடலாம்.

ஆனால் அவ்வீட்டில் ஒருவர் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். (திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.) வால்வில் குருதி உறைந்துவிடாதிருக்க அவர் நாள்தோறும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உண்கிறார். அவரும் அந்த வலி மாத்திரையை விழுங்கினால் என்ன ஆகும்?

நம் இரைப்பையில் சுரக்கும் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி ஒரு சளிப்படலம் காக்கிறது. அப்படலத்தைப் பேணுபவை புராஸ்டகிளாண்டின்கள் என்னும் பொருள்கள். வலியைத் தூண்டுவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார். ஆக, வலியோடு இரைப்பையின் காப்பும் குறைகிறது, புண் உண்டாகிறது.

வார்ஃபரினின் வரலாறு விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதிப்பெருக்கு நில்லாமல் மடிந்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சினில் கார்ல் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தனர். அவ்வாராய்ச்சியின் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வெளிவந்து, 1954இல் மனிதர் மருந்தாயிற்று! அது குருதியை நீர்த்துப்போகச் செய்வதில்லை. வைட்டமின் ‘கே’யின் வேலையைத் தடுத்து, உறைதலைத் தாமதப்படுத்துகிறது. எனவே ஒரு மருந்து புண்ணை உண்டாக்க, மற்றொன்று அப்புண்ணின் கசிவை நிற்கவிடாமல் செய்கிறது.

இதற்கு அஞ்சிக் குருதி உறையா மருந்தைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. வால்வில் கட்டி உறைந்து பக்கவாதம் வரலாம். விட வேண்டியது வலி மாத்திரையையே. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். தேவையானால் மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் உண்ணலாம். முன்பு குடற்புண் இருந்தவர்களுக்கு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஓமிப்பிரசோல் போன்ற மருந்தை மருத்துவர் சேர்த்துத் தருவார். புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமி இருந்தால் அதையும் ஒழிக்க வேண்டும். குருதி உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையும் தவறக்கூடாது.

“வேறு மருந்து உண்டா?” என்று மருத்துவர் கேட்டால், கடையில் வாங்கிய வலி மாத்திரையை யாரும் மருந்தாக எண்ணிச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மலம் தார்போல் கறுத்து ஒட்டினாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ உள்ளே குருதி கசிகிறது எனக் கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. எனினும் ஐயம் எழுந்தால் விடியட்டும் என்று காத்திராமல், மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.